சபாஷ்: ஒரு பாராட்டுச் சொல்லின் வரலாறு

அல்லாஹ்வின் திருப்பெயரால்...

சில மாதங்களுக்கு முன் மக்தப் மதரஸா ஒன்றின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி மேடையேறி, சூரத்துர் ரஹ்மானின் 78 வசனங்களையும் மனனமாக, ஓர் இடத்திலும் தடுமாறாமல் ஓதி முடித்தாள். அவள் நிறுத்திய கணத்தில், பின் வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தம்மை மறந்து, “சபாஷ்!” என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

உடனே முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சபாஷ் என்பது நெருப்பு வணங்கிகளின் சொல் என்றும், குர்ஆன் ஓதும் சபையில் அதைச் சொல்லலாகாது என்றும் கண்டித்தார். இன்னொருவர் எழுந்து, அது தூய அரபுச் சொல்தான் என்று மறுத்தார். மூன்றாமவர், பாரசீக மன்னர் ஒருவரின் பெயர்தான் சபாஷ் என்று தாம் எங்கோ படித்ததைக் கூறினார். பேச்சு வளர்ந்தது. மேடையில் நின்ற பிள்ளை இருபுறமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, தான் ஏதோ பிழையாக ஓதிவிட்டதாக எண்ணிக்கொண்டு தலைகுனிந்து இறங்கிச் சென்றாள்.

அந்தப் பிள்ளையின் முகம் நம்மை விட்டு அகலவில்லை. ஒரு சொல்லின் பொருட்டு எழுந்த வழக்கில், அந்தச் சொல்லுக்கு உரியவளை எல்லோரும் மறந்துபோனோம். எனவே, சபாஷ் என்பது உண்மையில் எங்கிருந்து வந்தது, அதன் பொருள் யாது, ஒரு முஸ்லிமின் நாவில் அது இருக்கத் தகுமா என்பவற்றை அமைதியாக ஆராய்ந்து பார்ப்பது கடமையெனக் கருதினோம். அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

இரண்டு சொற்கள் ஒன்றானவை

சபாஷ் அரபுச் சொல் அன்று. அது பாரசீகச் சொல். துல்லியமாகக் கூறுவதானால், இரண்டு பாரசீகச் சொற்கள் ஒட்டி ஒன்றானது. ‘ஷாத்’ என்றால் மகிழ்ச்சி உடைய, உவகை நிறைந்த என்று பொருள். ‘பாஷ்’ என்றால் ‘இரு’ என்று பொருள். ‘ஷாத் பாஷ்’ என்றால் ‘மகிழ்ந்திரு’, ‘மகிழ்வோடு வாழ்க’ என்பதாகும். விரைந்து உச்சரிக்கும்போது நடுவிலுள்ள ‘த்’ ஒலி தேய்ந்து ‘ஷாபாஷ்’ ஆயிற்று. அதுவே தமிழில் ‘சபாஷ்’ என்று குறுகியது.

ஆகவே, ‘நன்றாகச் செய்தாய்’ என்னும் பொருளில் நாம் வழங்கும் இச்சொல்லில், செய்த செயலைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. செய்தவரை நோக்கிய ஒரு வாழ்த்து மட்டுமே அதில் இருக்கிறது. ஒருவரின் செயலால் நம் உள்ளம் மகிழும்போது, அந்த மகிழ்ச்சி அவருக்கும் நிலைக்கட்டும் என்று வேண்டுவதே இச்சொல்லின் அடிப்படை.

‘ஷாத்’ என்னும் வேர் மிகப் பழமையானது. கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட பாரசீகப் பேரரசர் தாரியூஸின் கல்வெட்டுகளிலேயே, மனிதனுக்கு அளிக்கப்பட்ட மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லாக இதன் பழைய வடிவம் பொறிக்கப்பட்டுள்ளது. அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல்லை நாம் நன்கறிவோம். உருது பேசும் சகோதரர்கள் திருமணத்தை ‘ஷாதி’ என்கின்றனர். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் வட்டாரங்களில் ‘ஷாதி மஹால்’ என்று எழுதிய பெயர்ப்பலகைகளைப் பலரும் கண்டிருப்போம். ‘ஷாதி’ என்பதன் நேர்ப்பொருள் மகிழ்ச்சி. மகிழ்ச்சி மண்டபத்தின் முகப்பிலும் முதியவரின் வாழ்த்திலும் இருப்பது ஒரே வேர்.

‘பாஷ்’ என்பது ‘பூதன்’ (இருத்தல்) என்னும் பாரசீக வினையின் ஏவல் வடிவம். இது, ஆதல் எனப் பொருள்படும் ‘பூ’ என்னும் வடமொழி வேரோடு உறவுடையது.

வழக்கில் உள்ள தவறான விளக்கங்கள்

இச்சொல்லுக்குப் பொருத்தமற்ற விளக்கங்கள் சில உலவுகின்றன. அவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

முதலாவது, ‘ஷாஹ் பாஷ்’ என்பதே மூலம். ‘அரசனாக இரு’ என்பதே பொருள் என்னும் கருத்து. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886ஆம் ஆண்டு வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் புகழ்பெற்ற அகராதியே இந்த விளக்கத்தைத்தான் முதலில் தந்தது. பின்னர் 1903ஆம் ஆண்டு வில்லியம் குரூக் அதைப் பதிப்பித்தபோது, ‘மகிழ்ந்திரு’ என்பதே சரியான பொருள் என்று திருத்தம் சேர்த்தார். அறிவுடையோரும் தடுமாறக்கூடிய இடம் இது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, ஈரானை ஆண்ட ஷாஹ் அப்பாஸ் என்னும் ஸஃபவி மன்னரின் பெயரே ‘ஷாபாஸ்’ எனத் திரிந்தது என்னும் கதை. இம்மன்னர் அரியணை ஏறியது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். மறைந்தது 1629ஆம் ஆண்டில். ஆனால், அவர் பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்த மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (1207–1273), தம் மஸ்னவியின் தொடக்கப் பகுதியில் இறைக்காதலை விளித்து வாழ்த்தும்போது, ‘ஷாத் பாஷ்’ என்னும் இதே இரு சொற்களைத்தான் கையாள்கிறார். இவ்வொரு சான்றே மன்னர் கதையைத் தள்ளிவிடப் போதுமானது.

மூன்றாவது, ஒரு பெயர்க் குழப்பம். நம் பிள்ளைகளுக்கு ‘ஷாபாஸ்’, ‘ஷஹ்பாஸ்’ என்று பெயரிடுகிறோம். சிலர் இதையும் சபாஷையும் ஒன்றெனக் கருதுகின்றனர். ஷஹ்பாஸ் என்பது ‘ஷாஹ்’ (அரசன்), ‘பாஸ்’ (வல்லூறு) என்னும் சொற்களின் கூட்டு. தமிழில் நாம் ராஜாளி என்பதற்கு ஒப்பானது. சிந்துவில் அடங்கியிருக்கும் லால் ஷஹ்பாஸ் கலந்தர் அவர்களின் பெயரில் இருப்பதும் அந்த ராஜாளியே. பாராட்டுச் சொல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொல்லும் பரிசும்

பாராட்டுச் சொல்லைப் பரிசோடு இணைத்துப் பார்ப்பது பாரசீகர்களின் பழைய மரபு. ஸெல்ஜுக் அரசின் அமைச்சராக விளங்கி 1092ஆம் ஆண்டு கொல்லப்பட்ட நிஜாமுல் முல்க், தமது அரசியல் நூலில் ஒரு கதையைக் கூறுகிறார். சாசானிய மன்னர்கள் ‘ஸிஹ்’ என்று வியந்து பாராட்டினால், பொருளாளர் அந்தக் கணமே பாராட்டப்பட்டவருக்குப் பணமுடிப்பு அளித்துவிட வேண்டும் என்பது விதி.

ஒருநாள் மன்னர் நௌஷேர்வான் வேட்டைக்குச் செல்லும் வழியில், தள்ளாத முதியவர் ஒருவர் வாதுமை வகை மரக்கன்று ஒன்றை நடுவதைக் கண்டார். பலன் தரப் பல்லாண்டுகள் ஆகும் மரத்தை இந்த வயதில் ஏன் நடுகிறீர் என்று வினவினார். நமக்கு முன் வாழ்ந்தோர் நட்டார்கள், நாம் உண்டோம். நமக்குப் பின் வருவோர் உண்ண நாம் நடுகிறோம் என்று முதியவர் விடையளித்தார். மன்னர் ‘ஸிஹ்’ என்றார், பணம் வந்தது. மற்றவர்கள் மரம் பல்லாண்டு கழித்தே காய்க்கும், என் மரமோ நட்டவுடனே காய்த்துவிட்டது என்றார் முதியவர். மன்னர் மீண்டும் ‘ஸிஹ்’ என்றார். இப்படியே தொடர, இந்த முதியவர் கருவூலத்தைக் காலி செய்துவிடுவார் என்று கூறி மன்னர் விரைந்து சென்றுவிட்டாராம்.

இது கதையாகவே இருக்கலாம். ஆயினும், வாயால் பாராட்டிவிட்டுக் கையை மூடிக்கொள்வது பெருந்தன்மையாகாது என்னும் எண்ணம் அச்சமூகத்தில் இருந்ததை இது காட்டுகிறது. அதன் எச்சம் இன்றும் உண்டு. ஈரானிலும் குர்து மக்களிடையிலும் ‘ஷாபாஷ்’ என்றால், திருமணத்தில் மணமக்கள் மீது தூவும் காசையோ இசைப்போருக்கு அளிக்கும் அன்பளிப்பையோ குறிக்கும். பாராட்டுக்கு அவர்கள் ‘ஆஃபரீன்’ என்னும் வேறு சொல்லை மிகுதியாக வழங்குகின்றனர். சொல் பிறந்த மண்ணில் அது பணத்தின் பெயராகிவிட்டது. நம் நாட்டிலோ பாராட்டாகவே நிலைத்துவிட்டது.

நம் கரைக்கு வந்த வழி

பாரசீகம் தென்னிந்தியாவுக்குள் பல வாயில்களால் நுழைந்தது. 14ஆம் நூற்றாண்டில் மதுரையில் ஒரு சுல்தான் ஆட்சி நடைபெற்றது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர், கோல்கொண்டா படைகள் தமிழகத்தின் வடபகுதிக்கு வந்தன. 1649ஆம் ஆண்டு செஞ்சி பீஜப்பூர் வசமாயிற்று. பின்னர் முகலாயப் படை 1698ஆம் ஆண்டு அக்கோட்டையைக் கைப்பற்றியது. அதைத் தொடர்ந்து ஆற்காடு நவாபுகளின் காலம் வந்தது. அவர்களது அவையில் எழுத்தும் கணக்கும் பாரசீகத்தில் நடந்தன. தஞ்சையை ஆண்ட மராட்டியரின் மொழியிலும் பாரசீகச் சொற்கள் நிறைந்திருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனியும் 1837ஆம் ஆண்டு வரை பாரசீகத்தை அலுவல் மொழியாகக் கொண்டிருந்தது.

இந்த வழிகளில் வந்தவற்றை எண்ணி முடியாது. வசூல், ரசீது, வக்கீல், ஜாமீன், ஆஜர், அசல், நகல், தாசில்தார், கஜானா, சிபாரிசு, தயார் எனப் பலவற்றைச் சொல்லலாம். இவற்றுள் சில அரபில் பிறந்து பாரசீகத்தின் வழியாக வந்தவை. சில பாரசீகத்திலேயே பிறந்தவை. இந்த வரிசையில் வந்ததே சபாஷும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இதனை உருது வழியாக வந்த சொல்லாகக் காட்டுகிறது.

கடல் வழியிலும் இச்சொல் பரவியிருந்தது. பிரான்சுவா பிரார்ட் என்னும் பிரெஞ்சுப் பயணி 1602ஆம் ஆண்டு மாலத்தீவுக் கடலில் கப்பல் உடைந்து, அங்கே 1607ஆம் ஆண்டு வரை தங்க நேர்ந்தது. அவர் எழுதிய பயண நூலில், மன்னர் ஒருவர் தம்மிடம் கூறிய சொல்லாக இதனைக் குறிப்பிடுகிறார். இந்தியா முழுவதும் வழங்கும் சொல் இது என்றும், நன்றி கூறவும், நற்செயல் புரிந்தவரைப் புகழவும் பயன்படுகிறது என்றும் விளக்கம் தருகிறார். ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சி தொடங்குவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே, இந்துமாக்கடலின் துறைமுகங்களில் இச்சொல் பழகிப்போயிருந்தது என்பதை இதனால் அறிகிறோம்.

இன்று இந்தி, உருது, வங்காளம், மராட்டி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகள் அனைத்திலும் இச்சொல் சிறுசிறு ஒலி மாற்றங்களோடு வாழ்கிறது. மலேசியாவில் பிழைப்புத் தேடிச் சென்ற நம் குடும்பத்தார், மலாய் மொழியிலும் ‘ஷாபாஸ்’ என்று பாராட்டுவதைக் கேட்டிருப்பார்கள். அதுவும் இதே சொல்தான்.

தமிழில் இது எந்தச் சமயத்தாருக்கும் தனியுரிமையாக இருக்கவில்லை. கச்சேரி மேடை, சிலம்பக் களம், பள்ளி வகுப்பறை, அடுக்களை என எங்கும் புழங்கியது. ‘சபாஷ் மீனா’ (1958), ‘சபாஷ் மாப்பிளே’ (1961) என்று திரைப்படங்களுக்குப் பெயராகவும் ஆயிற்று. கண்ணாடிக் குவளையை உடைத்த பிள்ளையைப் பார்த்துத் தாய் எரிச்சலோடு சொல்லும் சொல்லாகவும் ஆகிவிட்டது. ஏளனத்துக்கும் பயன்படும் அளவுக்கு ஒரு சொல் வீட்டுக்குள் வந்துவிட்டதென்றால், அதற்குமேல் அதை அந்நியம் என்று கூறுவதற்கில்லை.

இதனோடு பிறந்த இன்னும் இரண்டு சொற்களும் உண்டு. ‘பேஷ்’ என்று மெச்சுகிறோமே, அது ‘மிகுதி’ எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ‘ஜோர்’ என்பது வலிமை எனப் பொருள்படும் ‘ஸோர்’ என்பதன் திரிபு. நம் பள்ளிவாசலில் தொழவைக்கும் ‘பேஷ் இமாம்’ என்னும் பெயரில் உள்ள ‘பேஷ்’ வேறு. அதற்கு ‘முன்’ என்று பொருள். முன்னின்று தொழவைப்பவர் என்பதாகும்.

பாரசீகச் சொல் என்பதால் விலக்க வேண்டுமா?

இப்போது விழாவில் எழுந்த கேள்விக்கு வருவோம். பாரசீகம் ஒரு காலத்தில் நெருப்பு வணங்கிகளின் மொழியாக இருந்தது உண்மை. அரபு மொழியும் ஒரு காலத்தில் சிலை வணங்கிகளின் மொழியாகவே இருந்தது. நம் முன்னோரின் தமிழும் அவ்வாறே. மொழி வணங்குவதில்லை, அதைப் பேசும் மனிதனே வணங்குகிறான்.

பாரசீகச் சொல்லை விலக்குவதென்று தொடங்கினால், நாம் முதலில் இழக்க வேண்டியது ‘பாங்கு’ என்பதைத்தான். அதான் என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கும் இச்சொல், குரல், முழக்கம் எனப் பொருள்படும் ‘பாங்க்’ என்னும் பாரசீகச் சொல்லே. தர்கா, நமாஸ், குதா ஹாபிஸில் உள்ள குதா ஆகியனவும் பாரசீகமே. அன்று அந்தச் சிறுமி ஓதிய சூரத்துர் ரஹ்மானின் 54ஆம் வசனத்தில் சுவனத்து விரிப்புகளின் உட்புறத்தைக் குறிக்க ‘இஸ்தப்ரக்’ என்னும் சொல் வருகிறது. தடித்த பட்டைக் குறிக்கும் இச்சொல், பாரசீகத்திலிருந்து அரபு மொழி ஏற்றுத் தனதாக்கிக்கொண்டது என்று இமாம் சுயூத்தி உள்ளிட்ட அறிஞர்கள் குறிப்பிட்டுள்ளனர்.

இதைவிடத் தெளிவான வழிகாட்டல் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. ஜிஹாத் பற்றிய பகுதியில், பாரசீகமும் பிற அயல்மொழிகளும் பேசுவது குறித்து இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஒரு தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள். அதன் கீழ் மூன்று நிகழ்ச்சிகளைத் தருகிறார்கள்.

முதலாவது, அகழ்ப்போரின்போது ஜாபிர் (ரலி) அவர்கள் சிறிதளவு உணவு சமைத்து நபி (ஸல்) அவர்களை அழைத்தது. அப்போது நபியவர்கள், ஜாபிர் விருந்து தயாரித்திருக்கிறார் என்று எல்லோரையும் அழைத்தார்கள். விருந்து என்பதற்கு அவர்கள் கையாண்டது ‘ஸூர்’ என்னும் பாரசீகச் சொல் என்று அறிஞர்கள் விளக்குகின்றனர்.

இரண்டாவது, உம்மு காலித் (ரலி) அவர்களைப் பற்றியது. அவர் சிறுமியாக இருந்தபோது மஞ்சள் நிறச் சட்டை அணிந்து தந்தையோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய குடும்பம் ஹபஷா எனப்படும் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்று திரும்பியது. அவர் பிறந்ததும் அங்கேதான். அந்தச் சிறுமியைக் கண்ட நபியவர்கள், ‘ஸனஹ், ஸனஹ்’ என்றார்கள். அது ஹபஷா மொழியில் ‘அழகு, நன்று’ எனப் பொருள்படும் பாராட்டுச் சொல். சிறுமி நெருங்கிச் சென்று நபியவர்களின் முதுகிலிருந்த நபித்துவ முத்திரையைத் தொட்டு விளையாடத் தொடங்கினாள். தந்தை அதட்டினார். அவளை விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் தடுத்தார்கள். அந்தச் சட்டை நைந்து பழையதாகும் வரை நீடூழி அணிவாயாக என்று மும்முறை வாழ்த்தினார்கள்.

மூன்றாவது, பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் சிறுவயதில் ஸதகா பேரீச்சம்பழம் ஒன்றை வாயிலிட்டபோது, ‘கிக், கிக்’ என்று கூறி நபியவர்கள் துப்பச் செய்தது. குழந்தையைத் தடுக்கும் சொல் அது.

இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. அரபு மொழியில் நயமாகப் பேச அல்லாஹ்வால் ஆற்றல் அளிக்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள், ஒரு சிறுமியைப் பாராட்ட அவள் பிறந்த நாட்டின் சொல்லைத் தேர்ந்தார்கள். அந்தச் சொல் எந்தச் சமயத்தாருடையது என்ற கேள்வி அங்கே எழவில்லை. குழந்தையின் மனத்துக்கு எது நெருக்கமானதோ அதுவே கையாளப்பட்டது.

குர்ஆன் ஓதியவரைப் பாராட்டலாமா?

சொல் எதுவாயினும், ஓதியவரைச் சபையில் மெச்சுவது முறையா என்றும் சிலர் கேட்கக்கூடும். இதற்கும் விடை உண்டு. இப்னு மஸ்வூத் (ரலி) அவர்கள் ஹிம்ஸ் நகரில் சூரா யூஸுஃப் ஓதியபோது, ஒருவர் அது இவ்வாறு அருளப்படவில்லை என்றார். இதை நான் அல்லாஹ்வின் தூதரிடம் ஓதிக் காட்டினேன். அவர்கள் ‘அஹ்ஸன்த்த’ (நன்றாகச் செய்தீர்) என்று கூறினார்கள் என இப்னு மஸ்வூத் பதிலளித்தார்கள். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதலைக் கேட்டபோது, தாவூத் (அலை) குடும்பத்தாரின் இனிய குரலில் ஒன்று உமக்கு அளிக்கப்பட்டுள்ளது என்று நபியவர்கள் மெச்சினார்கள்.

தர்மத்துக்கும் இதுவே வழி. தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தை அபூ தல்ஹா (ரலி) அவர்கள் இறைவழியில் அளித்தபோது, நபியவர்கள் ‘பக்’ என்று வியந்து, அது இலாபம் தரும் செல்வம் என்றார்கள். ‘பக்’ என்பது அரபியரின் சபாஷ்.

பாராட்டு ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் வாழ்வே சாட்சி. அவர் கண்ட கனவை அவருடைய சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, அப்துல்லாஹ் எவ்வளவு நல்ல மனிதர், இரவில் தொழுபவராகவும் இருந்தால் என்று நபியவர்கள் கூறினார்கள். குறையைச் சுட்டும் முன் நிறையைச் சொன்னார்கள். அதன் பின் அப்துல்லாஹ் இரவில் சிறிது நேரமே உறங்கினார்.

அளவும் பணிவும்

எனினும், பாராட்டுக்கு எல்லை உண்டு. ஒருவர் மற்றொருவரை மிகையாகப் புகழக் கேட்ட நபியவர்கள், உம் தோழரின் கழுத்தை முறித்துவிட்டீர் என்று எச்சரித்தார்கள். புகழ்ந்தே ஆகவேண்டுமானால், அவரை நான் இவ்வாறு கருதுகிறேன், அவரைக் கணக்கெடுப்பவன் அல்லாஹ் என்னும் பணிவோடு கூறுமாறு கற்பித்தார்கள். ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களின் மேனியழகை ஒருவர் வியந்துரைக்க, அவர் நோயுற்று விழுந்தபோது, பரகத் வேண்டித் துஆ செய்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். தோட்டத்தில் நுழையும்போது மாஷா அல்லாஹ் என்று கூறியிருக்க வேண்டாமா என்னும் படிப்பினை சூரா கஹ்ஃபின் 39ஆம் வசனத்தில் இருக்கிறது.

எனவே, மாஷா அல்லாஹ், பாரகல்லாஹ், ஜஸாகல்லாஹு கைரன் ஆகியவற்றைப் பிள்ளைகளின் நாவில் பழக்குவது சிறப்பு. அவற்றில் நன்மையின் மூலவனான அல்லாஹ்வின் நினைவு இருக்கிறது. சபாஷ் அவற்றுக்கு மாற்றாகாது. அது வணக்கமன்று, வழக்கம். அதைச் சொல்வது நன்மை என்று வாதிடவும் வேண்டாம். சொன்னவரைச் சபையில் கண்டித்து நாணச் செய்யவும் வேண்டாம். வழக்கச் சொல்லோடு துஆவையும் சேர்த்துக்கொள்வதில் ஒரு தடையும் இல்லை.

நம் வீடுகளில் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பாராட்டும் சொற்களே அருகிவருகின்றன. 95 மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் மீதி 5 எங்கே என்று கேட்கிறோம். நோன்புக் காலத்தில் நள்ளிரவில் எழுந்து ஸஹர் சமைக்கும் மனைவியிடமும் மருமகளிடமும், உப்புக் குறைந்த அன்று மட்டும் வாய் திறக்கிறோம். அதிகாலையில் பாங்கு சொல்லும் மோதினாரின் குரல் ஒருநாள் தாமதித்தால் விசாரிக்கிறோம். ஆண்டு முழுதும் தவறாமல் எழுந்ததற்கு ஒருநாளும் நன்றி கூறியதில்லை. எந்தச் சொல் ஆகும், எது ஆகாது என்னும் வழக்குக்கு முன்பாக, ஏதேனும் ஒரு நல்ல சொல்லை வாயிலிருந்து வெளிக்கொணர வேண்டிய நிலையில் இருக்கிறோம். நற்சொல்லும் தர்மமே என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, அந்தத் தர்மத்தில் நாம் கஞ்சத்தனம் காட்டலாமா?

இதை எழுதத் தொடங்குமுன், அந்தச் சிறுமியின் வீட்டைக் கேட்டறிந்து சென்றோம். நம்மோடு அந்த முதியவரும் வந்தார். முதலில் வெட்கப்பட்டுக் கதவின் பின்னே நின்றவள், அவளுடைய உம்மா அழைத்ததும் வந்து, சூரத்துர் ரஹ்மானை மீண்டும் முழுவதும் ஓதினாள். அவள் முடித்ததும், முதியவர் தம் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவள் கையில் வைத்து, “சபாஷ்டா என் கண்ணு, பாரகல்லாஹு ஃபீக்கி” என்றார்.

இம்முறை யாரும் எழுந்து எதுவும் சொல்லவில்லை. பிள்ளை சிரித்தாள்.

அல்லாஹ் நம் நாவுகளில் நல்ல சொற்களையும், நம் பிள்ளைகளின் உள்ளங்களில் மகிழ்ச்சியையும் நிறைப்பானாக. அவனே அனைத்தையும் நன்கறிந்தவன்.